கேட்கப் போனவர் கட்டிய வானொலி

மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்களின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கரிக்கும். உவர்நீரில் ஊறிய பாதங்கள் வெடிக்கும். தை, மாசியில் பாத்தி மிதித்துத் திருத்தி, நீர் பாய்ச்சி, பங்குனி, சித்திரை வெயிலில் வாரத் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை ஓய்வு கிடையாது. இடையில் கோடை மழை ஒன்று கனமாகப் பெய்துவிட்டால் பாத்தியில் விளைந்து நின்றதெல்லாம் கரைந்து வந்த வழியே போய்விடும். அதனால் இந்தக் கரையில் வானிலைச் செய்தி என்பது மறுநாள் கூலி உண்டா இல்லையா என்பதன் செய்தி. ‘வடதமிழகக் கடலோரத்தில்’ என்று வானொலிக் குரல் தொடங்கியதும் உப்பளத்துக்காரரும் மீனவரும் ஒருசேரக் காது கொடுப்பது அதனால்தான்.

வானொலி இந்தக் கரையோடு பேசியிருக்கிறது. இந்தக் கரை பேசியதை யார் கேட்டார்கள்?

மிகப் பழங்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. சங்க இலக்கியத்தின் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா என்ற துறைமுகமும் இதுவே என்பது அவர்களுடைய முடிவு. நல்லூர் நத்தத்தனார் அந்தப் பாட்டில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாட வருகிறார். வழியில் எயிற்பட்டினத்தின் நுளைமகள் அரித்துத் தரும் கள்ளும் சுட்ட மீனும் அவர் கண்ணில் படுகின்றன. அதே பாட்டில் கொற்கைக் கரையைச் சொல்லும் இடத்தில் உமணர்களின் உப்பு வண்டிகளோடு கூடவே வந்த மந்தி ஒன்று வருகிறது. உமணப் பெண்களின் பிள்ளைகளோடு சேர்ந்து, முத்தை உள்ளே அடைத்த கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி அது விளையாடுகிறது. அந்த வண்டிகளோடு கூட நடந்து, பிள்ளைகளின் சிரிப்பைக் காதால் கேட்ட ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

பிற்காலத்தில் அரசுகள் இந்தக் கரைக்கு வந்தது கணக்கெடுக்கத்தான். 1805இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பளத்துக்கு உரிமம், உப்புக்கு வரி, மூட்டைக்குக் கணக்கு, காவலுக்குச் சேவகர் என்று ஒரு தனித் துறையே வளர்ந்தது. காக்கிநாடாவிலிருந்து கரையை ஒட்டி ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தில் வந்து முடிகிறது. தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரணக் கூலி வேலையாகச் சென்னை நகருக்குள் வெட்டி இணைத்து, 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைச் சூட்டிக்கொண்ட அதே கால்வாய். உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய படகுகள் இதன் வழியே சென்னைக்குப் போயின. உப்பு பட்டணம் போய்ச் சேர்ந்தது. அதை வாரியவர்களின் குரல் உடன் போகவில்லை.

குரலைத் தேடிப் போய்க் கேட்டு, பிறகு அதற்காகவே வானொலி கட்டிய மனிதர் ஒருவர் உலகில் உண்டு. அவர் வாழ்ந்தது நமக்கு வெகு தொலைவில், பிரேசில் நாட்டில். எட்கார் ரொக்கெத் பின்ட்டோ என்பது பெயர். அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 25ஐ அந்த நாட்டில் வானொலி தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் பொறியாளர் அல்லர், வணிகரும் அல்லர். மருத்துவம் படித்துவிட்டு மானிடவியலுக்கு வந்தவர்.

1884இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த அவர், இளமையில் சிறிது காலம் பாட்டனாரின் பண்ணையில் வளர்ந்தார். மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு ரியோவின் தேசிய அருங்காட்சியகத்தில் மானிடவியல் பிரிவில் சேர்ந்தார். முதல் வேலைகளில் ஒன்று தென்கோடிக் கடற்கரையில் கிளிஞ்சல் மேடுகளை ஆராய்வது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் தின்று வீசிய சிப்பி ஓடுகள் குன்றாகக் குவிந்து கிடந்த இடங்கள் அவை. நெய்தல் நில மக்களின் மிச்சத்திலிருந்துதான் அவர் மனிதனைப் படிக்கத் தொடங்கினார்.

1912இல் அவர் வாழ்க்கை திசை மாறியது. காண்டிடோ ரொண்டோன் என்ற இராணுவப் பொறியாளர் பிரேசிலின் மேற்குக் காடுகளுக்குள் தந்திக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவோடு ரொக்கெத் பின்ட்டோவும் மாத்தோ குரோசோ பகுதியின் வடக்கு மலைத்தொடருக்குப் போனார். தோளில் சுமந்தது மருந்துப் பெட்டி மட்டுமல்ல. ஒளிப்படக் கருவியும், திரைப்படக் கருவியும், போனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியும் கூடப் போயின. மெழுகு உருளை சுழலும்; பாடுகிறவர் குழாய்க்குள் பாடுவார்; ஊசி மெழுகில் கீறிக்கொண்டே போகும். பரேசி, நம்பிக்குவாரா ஆகிய பழங்குடியினரின் பாடல்கள் அப்படி மெழுகில் ஏறின. தந்திக் கம்பி நகரத்தின் செய்தியைக் காட்டுக்குள் கொண்டுபோன அதே வழியில், இந்த ஒரு மனிதர் காட்டின் குரலை நகரத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பரேசி மெட்டுகளைப் பிரேசிலின் பெரிய இசையமைப்பாளர் ஹெய்ட்டர் வில்லா லோபோஸ் பின்னாளில் தம் இசையில் எடுத்தாண்டார்.

பயணத்தின் பயனாக 1917இல் ‘ரொண்டோனியா’ என்ற நூல் வெளிவந்தது. ரொண்டோனை நினைத்து அவர் அந்த நிலத்துக்கு வைத்த பெயர் அது. இன்று பிரேசிலின் ஒரு மாநிலமே அந்தப் பெயரில் இருக்கிறது. மானுடவியலாளர் கிளாட் லெவி ஸ்ட்ராஸ் அதே நம்பிக்குவாரா மக்களிடம் போனது அந்த 1912 பயணத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

அந்தக் காலத்து மானிடவியல் பெரும்பாலும் மண்டை ஓட்டை அளந்துகொண்டிருந்தது. மூக்கின் அகலத்தையும் தோலின் நிறத்தையும் குறித்துக்கொண்டு, அதை வைத்து உயர்வு தாழ்வு சொன்னது. பிரேசிலில் வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடிகள் கலந்து பிறந்த பெருங்கூட்டத்தை நாட்டின் நோயாகவே பல அறிஞர்கள் பார்த்தார்கள். 1911இல் லண்டனில் நடந்த உலக இன மாநாட்டில் பிரேசில் அருங்காட்சியகத்தின் இயக்குநர் லாசெர்டா, காலப்போக்கில் கலப்பினத்தவர் மறைந்து நாடே வெள்ளையாகிவிடும் என்று வாதிட்டார். அந்த மாநாட்டுக்கு உடன் போனவர் இளைஞர் ரொக்கெத் பின்ட்டோ. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1929இல் ரியோவில் கூடிய இனமேம்பாட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, தாமே அளந்து வைத்திருந்த அளவுகளைக் காட்டி அவர் நேர் எதிராகப் பேசினார். கலப்பினத்தவரின் உடலில் குறை இல்லை. குறை நோயிலும் படிப்பின்மையிலும் இருக்கிறது என்றார். இனமேம்பாடு என்ற அந்த இயக்கத்துக்குள்ளேயே அவரும் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குள் நின்றபடியே இப்படிச் சொன்னார் என்பதுதான் அவருடைய தைரியம்.

இந்த முடிவிலிருந்துதான் அவர் வானொலிக்கு வந்தார் என்று பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. மக்களிடம் இருக்கும் குறை படிப்பின்மைதான் என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் படிப்பைக் கொண்டுபோவது எப்படி? காடும் ஆறும் குறுக்கே கிடக்கும் நாட்டில் எத்தனை பள்ளிக்கூடம் கட்ட முடியும்?

1922 செப்டம்பர் 7 அன்று பிரேசில் தன் சுதந்திர நூற்றாண்டைக் கொண்டாடியது. ரியோவின் கொர்கொவாடோ மலைமேல் அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸ் ஓர் ஒலிபரப்பியை நிறுத்தியிருந்தது. குடியரசுத் தலைவர் எபிடாசியோ பெசோவாவின் பேச்சும், பூர்வகுடி நாயகன் ஒருவனைப் பற்றிய ‘ஓ குவாரானி’ என்ற இசை நாடகமும் ஒலிபெருக்கிகளில் வந்தன. கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அது கண்காட்சியின் இரைச்சலில் கலந்த இன்னோர் இரைச்சல். ரொக்கெத் பின்ட்டோவுக்கு அது கல்விக்கூடமாகத் தெரிந்தது.

சில மாதங்களில், 1923 ஏப்ரல் 20 அன்று, அறிவியல் கழகத்தின் தலைவர் ஹென்றிக் மொரிஸோடு சேர்ந்து ‘ரேடியோ சொசைட்டி ஆஃப் ரியோ டி ஜெனிரோ’வைத் தொடங்கினார். அது சங்கம், உறுப்பினர் சந்தாவில் நடந்தது. அப்போது பிரேசிலில் அரசின் அனுமதி இல்லாமல் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்வதே சட்டவிரோதம். அதோடும் போராடித்தான் நிலையம் நடந்தது. மொழிப்பாடங்கள், அறிவியல் உரைகள், இசை என்று நிகழ்ச்சிகள் போயின. காலையில் நாளேடுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு ஒலிவாங்கி முன் வந்து, செய்தியையும் அதன் பின்புலத்தையும் அவரே சொல்வார். 1925 மே மாதம் ரியோவுக்கு வந்த ஐன்ஸ்டைன் அந்த நிலையத்துக்குப் போய் ஜெர்மன் மொழியில் சில வார்த்தைகள் பேசினார்.

ரியோ நிலையம் தொடங்கியதற்கு ஓராண்டுதான் பிந்தியது நம் சென்னை. 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. ஜூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. முன்னின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி, பொறியாளர். எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து 40 வாட் சக்தியில் அவர்களுடைய முதல் அலை புறப்பட்டது. பிறகு சக்தி 200 வாட்டாக உயர்ந்தது. சந்தாவில் நடந்த சங்கம், மூன்று ஆண்டில் பணம் தீர்ந்துபோய் 1927இல் மூடப்பட்டது. ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள்.

இதே எழும்பூரில், பாந்தியன் சாலையில், அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவரும் மருத்துவம் படித்து மானிடவியலுக்கு வந்தவர்தான். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற பெருநூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அதில் உப்பரவர், உப்பிலியர் பற்றிய பகுதிகள் உண்டு. உவர்மண்ணிலிருந்து உப்பு காய்ச்சியவர்கள், அரசு உப்பைத் தனதாக்கிக்கொண்டதும் மண்வெட்டி எடுத்து ஏரி வெட்டவும் சாலை போடவும் போன கதை அதில் பதிவாகியிருக்கிறது. தர்ஸ்டன் மூக்கையும் தலையையும் அளந்தார். அளவுகோலை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது இன்றும் கசப்பான பேச்சு. ஆனால் அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. மெழுகு உருளை சுழலும் போனோகிராஃபில் பழங்குடி மக்களின் பாட்டையும் இசையையும் பதிவுசெய்தது. ரொக்கெத் பின்ட்டோ காட்டுக்குப் போவதற்கு முன்பே நடந்த வேலை இது.

எழும்பூரில் ஒரு கட்டடத்தில் கேட்கும் கருவி இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அருகிலேயே பேசும் கருவி வந்தது. இரண்டும் ஒரு கையில் சேரவில்லை. ரியோவில் சேர்ந்தன, ஏனென்றால் அங்கே அருங்காட்சியகத்துக்காரரே வானொலிக்காரரும் ஆனார். சென்னையில் மானிடவியலார் மக்களைப் பதிவுசெய்து அலமாரியில் வைத்தார். பொறியாளர் சங்கீதத்தை எடுத்து வானில் விட்டார். இந்தச் சிறு தற்செயல் பெரிய விளைவைத் தந்தது என்றே தோன்றுகிறது.

கிருஷ்ணசாமி செட்டி செய்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அவர் முயற்சியின் தொடர்ச்சியாக 1930 ஏப்ரல் 1 அன்று மாநகராட்சியின் ஒலிபரப்பு தொடங்கியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, பெட்டி வாங்க வழியில்லாதவர்களுக்கும் இசையைக் கேட்கவைத்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாலையில் பாடங்களை ஒலிபரப்பியது. ரொக்கெத் பின்ட்டோ ரியோ நகராட்சியின் பள்ளி வானொலியைத் தொடங்கியது 1934இல்தான். ஏழைப் பிள்ளைக்கு வானொலியில் பாடம் என்ற யோசனையில் சென்னை முந்திக்கொண்டது. பின்னாளில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் கல்வி ஒலிபரப்பைத் தி. ஜானகிராமன் கவனித்துக்கொண்டார் என்பதை நினைத்தால் அந்தக் கண்ணி அறுபடவில்லை என்று தெரிகிறது.

அந்த 1930 ஏப்ரலுக்கு இன்னொரு முகமும் உண்டு. மாதம் பிறந்த அன்று சென்னையில் வானொலி பேசியது. 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி நடக்கத் தொடங்கினார். மாதம் முடிந்த அன்று, 30ஆம் தேதி, வேதாரண்யம் கரையில் குனிந்து உப்பை அள்ளிக் கைதானார். உரிமம் இல்லாமல் உப்பு எடுப்பது குற்றம். 1933இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டி வைத்திருப்பதும் குற்றமாயிற்று. கடலில் இருக்கும் உப்புக்கும் காற்றில் இருக்கும் ஒலிக்கும் அரசிடம் சீட்டு வாங்க வேண்டும் என்ற நிலை. 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டபோது, மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் அதே ராஜாஜி. உப்பு வரி 1947இல் போயிற்று. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் ரேடியோ லைசென்சுக்குப் பணம் கட்டி முத்திரை குத்தி வாங்கும் வழக்கம் 1980கள் வரை நீடித்தது. நடுவயதைத் தாண்டிய பலர் வீட்டில் அந்தச் சிறு புத்தகம் இன்னும் எங்காவது கிடக்கும்.

ரொக்கெத் பின்ட்டோவுக்கு மிக அருகில் வருகிற இந்தியர் சென்னையில் இல்லை, மைசூரில் இருந்தார். எம்.வி. கோபாலசாமி, மைசூர் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர். லண்டனில் படித்துத் திரும்பி, 1924இல் அங்கே உளவியல் துறையைத் தொடங்கியவர். மனித மனத்தைப் படிப்பதே தொழிலாக இருந்த அவர், 1935 செப்டம்பர் 10 அன்று, விட்டல் விகார் என்ற தம் வீட்டிலேயே 30 வாட் ஒலிபரப்பியோடு நிலையம் தொடங்கினார். கன்னடக் கவிஞர் குவெம்பு வந்து தம் கவிதையைப் படித்தார். அந்த வீட்டு நிலையத்துக்கு ஆகாசவாணி என்ற பெயர் வந்தது. பெயரைச் சொன்னவர் நா. கஸ்தூரி. பேராசிரியர் சம்பளத்தில் ஒரு வானொலி நிலையத்தை எத்தனை நாள் நடத்த முடியும்? 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்த வீட்டுப் பெயரை 1950களில் நாடு முழுவதற்குமான வானொலி எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு எதிர்ப்புக் கிளம்பியது. மக்கள் வாயில் வானொலி என்ற சொல்லே நின்றது.

1936இல் ரொக்கெத் பின்ட்டோவுக்கும் இதே பண நெருக்கடி வந்தது. நிலையத்தின் சக்தியை உயர்த்தியாக வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்குப் பணம் வேண்டுமென்றால் விளம்பரத்துக்குக் கதவு திறக்க வேண்டும். அவர் திறக்கவில்லை. நிலையத்தை அப்படியே கல்வி அமைச்சகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். கல்விக்கும் பண்பாட்டுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. ‘ரேடியோ மெக்’ என்று அது இன்றும் நடக்கிறது. அவர் அதோடு கல்வித் திரைப்பட நிறுவனத்துக்குப் போய் 1947 வரை இயக்குநராக இருந்தார்.

நம் கரைக்குத் திரும்பலாம். சுதந்திரத்துக்குப் பிறகு வானொலி தமிழக ஊர்களுக்குள் வந்தது பஞ்சாயத்து ரேடியோவாக. பூங்கா என்று பெயர் வைத்த ஒரு திடல், நடுவே சிறு அறை, மேலே குழாய் ஒலிபெருக்கி. மாலையானால் சுற்றிலும் ஆட்கள். ‘வீடும் வயலும்’ நிகழ்ச்சி உழவரிடம் எவ்வளவு ஆழமாகப் போனது என்பதற்கு ஆடுதுறை 27 நெல்லே சாட்சி. தஞ்சை வயல்களில் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்தது. உப்புக்கு அப்படி ஒரு பெயர் விழவில்லை. அரசமைப்பில் உப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. கணக்கில் அது தொழிற்சாலைப் பொருள். வயலைப் போலவே வெயிலையும் மழையையும் நம்பி, வயலைப் போலவே பாத்தி கட்டி, ‘விளைச்சல்’ என்ற சொல்லையே சொல்லி வாழ்கிற உப்பளத்துக்காரர், கணக்கில் உழவர் இல்லை.

உப்பளத்தில் சொற்கள் நிறைய உண்டு. நீர் எந்தப் பதத்தில் கனக்கிறது, எந்தக் காற்றில் உப்பு மணி பெரிதாகும், எந்தக் காற்றில் பொடியாகும், முதல் வாரலுக்கும் பிந்திய வாரலுக்கும் ருசி எப்படி மாறும் என்பதெல்லாம் தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. போனோகிராஃப் சுமந்து வந்து உட்கார வேண்டிய இடம் இது. பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்று ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி தொடங்கியது. மீனவர்களின் பேச்சே நிகழ்ச்சியாகும் இடம் அது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றம் சொன்னதும், 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் கிடைக்க வழி திறந்ததும் அதற்கு முன்னோடிகள். கரையிலேயே பிறந்த வானொலி எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் அது ஒரு விடை.

ரொக்கெத் பின்ட்டோ 1954 அக்டோபர் 18 அன்று, தம் வீட்டில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோதே இறந்தார். அவர் பாதி வாழ்நாளைக் கழித்த ரியோ தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்துபோனது. மொழிகளின், மக்களின் எத்தனையோ பதிவுகள் அதில் சாம்பலாயின. பரேசிகளும் நம்பிக்குவாராக்களும் 1912இல் பாடியவை அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே குறுந்தகடாக வெளிவந்திருந்ததால் அந்தக் குரல்கள் தப்பின. சுரசுரவென்ற மெழுகின் இரைச்சலுக்கு நடுவே இன்றும் அவற்றைக் கேட்கலாம்.

மரக்காணத்தில் அக்டோபர் என்றால் அம்பாரங்களை மூடும் மாதம். வாரிக் குவித்த உப்பின்மேல் பனையோலை வேய்ந்து, காற்றில் பறக்காமல் கட்டுகிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயலும், 2020இல் நிவரும், 2024இல் ஃபெஞ்சலும் இந்தக் கரையை ஒட்டித்தான் ஏறின. கைபேசியிலோ பழைய டிரான்சிஸ்டரிலோ வானிலைக் குரல் வருகிறது. கேட்டுவிட்டு, மேற்கே பார்த்து, கிழக்கே பார்த்து, காற்றின் ஈரத்தை மூக்கால் இழுத்து, வானொலி சொன்ன நேரத்துக்கு முன்பாகவே மழை வரும் என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் ஓலையை வேகமாகத் தூக்குகிறார்கள்.